வரத்துக்கால் இல்லாமல் கண்மாய் ஏது?

– இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

வள்ளுவர் கடவுளை வாழ்த்திய கையோடு வான்மழையைச் சிறப்பித்தார். அந்த வரிசைக்குப் பொருள் என்னவென்று இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீர் தேடிச் செல்லும் தாய்மார்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். என் தாயும் அவர்களுள் ஒருவர்.

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் ஊர்க் கண்மாயில் மராமத்து வேலை நடந்தது. இயந்திரங்கள் வந்தன, மண் அள்ளின, கரை உயர்ந்தது. வேலை முடிந்ததும் கரைமேல் ஒரு பலகை நட்டார்கள். "அதுல என்னத்தா எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லு" என்று அம்மா கேட்டார். அதில் இருந்த தொகையை வாசித்தேன். சற்று நேரம் பேசாமல் நின்றவர், "இம்புட்டுப் பணமா! அப்ப தண்ணி எங்க?" என்றார்.

அந்த ஆண்டு ஐப்பசியில் மழை பெய்யாமல் இல்லை. ஆனால் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், சீமைக்கருவேல் மண்டித் தூர்ந்து கிடந்தது. அதை யாரும் தொடவே இல்லை. வந்த வெள்ளம் வழி தெரியாமல் புஞ்சைக் காடுகளில் பரவி வீணானது. ஆழப்படுத்திய கண்மாய் அரைவயிற்றோடு கிடந்தது. அன்று அம்மா கேட்ட கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

பணம் இல்லையா?

அரசு பணமே ஒதுக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 2007இல் உலக வங்கி உதவியோடு ரூ.2,547 கோடியில் ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரைப் புதுப்பித்து 1,519 பணிகளுக்கு ரூ.100 கோடியும், 2019-20இல் 1,829 பணிகளுக்கு ஏறத்தாழ ரூ.500 கோடியும் தரப்பட்டன. 2021இல் 100 ஈர நிலங்களை ஐந்தாண்டுகளில் மீட்டெடுக்க ஏறத்தாழ ரூ.115 கோடியில் ஓர் இயக்கம் அறிவிக்கப்பட்டது.

வகுத்துப் பார்ப்போம். 2017இல் ஒரு பணிக்குக் கிடைத்தது சராசரியாக ஆறரை லட்சம். 2019-20இல் இருபத்தேழு லட்சம். சிற்றூர்க் கண்மாய்க்கு இது சிறு தொகை அன்று. ஆனால் இப்பணம் எப்போது வரும், மறுபடி எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. பத்தாண்டுக்கு ஒருமுறை விருந்து, இடையிலெல்லாம் பட்டினி என்றால் எந்த உடல் தேறும்?

ஒரே தண்ணீர், பல வாசல்கள்

கண்மாய் தனித்து நிற்கும் குழி அன்று. மேல்கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர். இப்படிச் சங்கிலியாகக் கோத்து வைத்தார்கள் நம் முன்னோர். நாமோ அந்தச் சங்கிலியைத் துறைவாரியாக அறுத்துவிட்டோம். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் நீர்வளத் துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். பறவைகள் சரணாலயம் என்றால் வனத் துறை. புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறை. தண்ணீர் ஒன்றுதான், அதற்காக மனுவோடு ஏறி இறங்க வேண்டிய வாசல்களோ நான்கு!

எங்கள் மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சார் ஈர நிலங்களாக அறிவிக்கப்பட்டன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் அறிவிக்கப்பட்டன. நான்கும் கண்மாய்களே. உழவனுக்காகத் தேக்கிய நீரை நம்பித்தான் பறவை வருகிறது. ஆகவே பறவைக்கு ஒரு கணக்கு, பயிருக்கு ஒரு கணக்கு, குடத்துக்கு ஒரு கணக்கு என்று பிரிப்பது பொருந்துமா?

ஓர் எளிய கணக்கு சொல்கிறேன். பத்து ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் குறைந்தால் இழப்பு ஒரு கோடி லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கொண்டால், அது ஏறத்தாழ ஐந்நூறு பேருக்கு ஓராண்டுத் தண்ணீர். வெயிலும் மண்ணும் குடிப்பதைக் கழித்தாலும் எஞ்சுவது சிறிதன்று. ஒரு சாண் கூட இல்லாத அந்தப் பத்து சென்டிமீட்டர், தூர்ந்த ஒரு வாய்க்காலில் போய்விடுகிறது. தொலைவிலுள்ள காவிரியிலிருந்து குழாய்வழி நீர் கொண்டுவந்தது நல்ல செயலே. ஆனால் வாசலில் பெய்யும் மழையை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள ஆற்றை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமையா?

மக்களே செய்யலாகாதா?

"அந்தக் காலத்தில் ஊரார் கூடிச் செய்தார்களே, அரசை ஏன் எதிர்பார்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்பர். அந்தப் பழைய குடிமராமத்தைப் பொற்காலமென்று புகழ என் மனம் ஒப்பவில்லை. வேலைக்கு வராதவரைத் தண்டிக்கச் சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய வேலைச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மண் சுமந்த பலருக்கு ஆயக்கட்டில் ஒரு செண்டு நிலமும் இருந்ததில்லை. என் அம்மாவும் நூறு நாள் வேலையில் இதே கண்மாயில் மண் சுமந்தவர்தான். எங்களுக்கும் அங்கே நிலமில்லை. ஊர் உழைக்கட்டும், ஆனால் உழைப்புக்குக் கூலி வேண்டும், அந்தக் கூலி ஆண்டுதோறும் வர வேண்டும்.

என் கருத்து இதுதான். ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்துப் பணம் தராமல், ஒரு கண்மாய்ச் சங்கிலி முழுமைக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். முதல் செலவு வரத்துக்காலுக்கு; அடுத்தது மடைக்கும் கலுங்குக்கும்; தூர் வாருவது அதன்பின். பெருந்தொகையில் ஒரு பகுதியைப் பிரித்து, ஆண்டுதோறும் ஆவணிக்குள் ஊராட்சியின் கைக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் வேண்டும். கணக்கைக் கிராம சபையில் உரக்க வாசிக்க வேண்டும், எழுத்தறியாதவரும் கேட்கும்படி.

பலகையில் தொகையை எழுதுவது எளிது. கண்மாயில் தண்ணீரை நிறுத்துவதே அருமை. அடுத்த முறை அம்மா கரையில் நின்று கேட்கும்போது, பலகையைப் பார்க்காமல் கண்மாயைக் காட்டி விடை சொல்லும் நாள் வர வேண்டும். அந்நாள் விரைவில் வருக!