மீதி 263 பேர்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இந்த வேலூர் கிராமத்திலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பது அதில் உள்ள செய்தி. பெயர் ஒன்றுகூடக் கிடையாது. போர் முடிந்ததும் சர்க்கார் ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயரையும் இரண்டு எண்களையும் மட்டும் மாற்றி ஊர் ஊராகக் கல் பதித்தது. திருச்சி காந்தி மார்க்கெட்டிலும் அதே வாசகத்தைப் பார்க்கலாம். கோட்டை இருந்த ஊரைக் கிராமம் என்று எழுதியதும் அந்த வார்ப்பு வாசகம் செய்த வேலையாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தக் கல்லைக் கடந்து போகாத வேலூர்க்காரர் இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க, பண்டிகைக்குப் பூ வாங்க, மாதச் சாமான் வாங்க அந்த வழியாகத்தான் போகிறோம், வருகிறோம். கல்லைப் படித்தவர்கள் நம்மில் சிலர் உண்டு. படித்தவர்களிலும் 277-லிருந்து 14-ஐக் கழித்துப் பார்த்தவர்கள் இருந்தால் ஆச்சரியம். செத்துப்போன 14 பேருக்கு அரை வரியாவது கிடைத்தது. மீதி 263 பேர் திரும்பி வந்து இதே தெருக்களில் நடந்தார்கள். வயலுக்கும் தோல் மண்டிக்கும் வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், கிழவர்களாகிச் செத்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்களும் கொள்ளுப்பேத்திகளும் இன்றைக்கும் இதே ஊரில்தான் இருக்கிறோம். எந்த வீட்டில் யார் போனார் என்று கேட்டால் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நூறு வருஷம் இருந்தது.

ராணுவத்தை மதிக்காத ஊர் என்று வேலூரை யாரும் சொல்ல முடியாது. பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பும் ஊர், ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிவிட்டது. பழைய சிப்பாய்களை மறக்கும் ஊர் என்றும் சொல்ல முடியாது. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களுக்காக மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் நிற்கிறது. வருஷா வருஷம் ஜூலை 10-ல் அதற்கு மலர்வளையம் வைக்கிறோம். இருநூறாவது ஆண்டில் தபால் தலையே வந்தது. அது சரியான மரியாதை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தூணிலிருந்து மணிக்கூண்டுக்கு நடந்தே போய்விடலாம். மலர்வளையத்தோடு அந்தத் தூரத்தை நாம் நடந்ததில்லை.

காரணம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: 1806-ல் இருந்தவர்கள் வெள்ளைக்காரனை எதிர்த்தவர்கள், இவர்கள் வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இரண்டு தலைமுறை இந்தப் பதிலை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டோம். இந்தப் பதிலில் கொள்கை இருந்ததை விடச் சோம்பல் அதிகம் என்பதே என் எண்ணம். 1918-ல் கேடா மாவட்டத்தில் காந்தியே ஊர் ஊராகப் போய்ப் படைக்கு ஆள் சேர்க்கப் பார்த்தார். அதற்காக அவருக்கு மாலை போடுவதை நாம் நிறுத்தவில்லை. 1806-ன் சிப்பாய்களும் கிளர்ச்சிக்கு முந்தின நாள்வரை கிழக்கிந்தியக் கம்பெனிச் சம்பளம் வாங்கியவர்கள்தான். கூலியில்லாத காலத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன ஒருவரிடம் மட்டும் ஏன் இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்டோம்? உண்மையில் கணக்குக்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார்.

அவர்கள் போன இடங்களைப் பள்ளிக்கூடத்து வரைபடத்தில்தான் நாம் பார்த்தோம். மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, பிரான்ஸ், பாலஸ்தீனம். சென்னை மாகாணத்திலிருந்து மட்டும் சிப்பாய்களும் ஏவல்காரர்களுமாகத் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் போரில் சேர்ந்தார்கள். டைக்ரிஸ் ஆற்றங்கரையில் கூத் நகரத்தைத் துருக்கியர் 147 நாள் முற்றுகையிட்டபோது உள்ளே மாட்டிக்கொண்ட படையில் பாலம் கட்டும் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். உணவு தீர்ந்து குதிரைகளை அறுத்தார்கள், நம்மவர்கள் பலர் முதலில் அந்த இறைச்சியைத் தொட மறுத்தார்கள். 1916 ஏப்ரல் 29-ல் படை சரணடைந்தது. பிழைத்தவர்களைப் பாலைவனத்தில் நடத்திக் கூட்டிப்போனார்கள், வழியிலும் முகாமிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். இதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் நம் ஊருக்குத் திரும்பித் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், ‘பட்டாளத்தார் கதை விட ஆரம்பிச்சுட்டார்’ என்று எழுந்து போனோம். சினிமாவிலும் அவரைக் கோமாளியாக்கினோம். முறுக்கு மீசை, கையில் தடி, ‘நான் பர்மாவில் இருந்தப்போ’ என்று தொடங்கும் வசனம், அரங்கில் சிரிப்பு.

தெருவில் பட்டாளத்தார் வீடு எது என்பது மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு முந்தின வாரம் கேண்டீன் கோட்டாவில் ஒரு ரம் கிடைக்குமா என்று தலையைச் சொறிந்துகொண்டு போன வீடு அது.

மெடல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் உலகப்போருக்குப் போன சிப்பாய்க்குச் சர்க்கார் ஒரு வெள்ளி மெடல் கொடுத்தது. ஏறத்தாழ முப்பது கிராம், நல்ல வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆள். மெடலைச் சாய்த்து விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால், பொடி எழுத்தில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு வரிசையாகக் குத்தியிருக்கும். மூட்டை சுமக்கவும் மண் வெட்டவும் போன கூலிப்படை ஆட்களுக்கு அதே மெடலை வெண்கலத்தில் அடித்தார்கள், அதிலும் ஒரு தரம் பிரிப்பு. வீட்டில் பிரசவமோ, பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளமோ, மழை பொய்த்த வருஷமோ, ஏதோ ஒன்றுக்காக அந்த வெள்ளி அடகுக் கடைக்குப் போனது. வட்டி கட்ட முடியாமல் மூழ்கியது. பிறகு உருகி யார் காலிலோ கொலுசானது, யார் இடுப்பிலோ அரைஞாண் ஆனது. இல்லாமையில் விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கடைக்குக் கொண்டுபோகும் முன் விளிம்பில் இருந்த எழுத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கலாம். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். மணிக்கூண்டுக் கல்லில் இல்லாத பெயர் அந்த விளிம்பில் இருந்தது, அதையும் நாம் உருக்கிக் குடித்தோம்.

இரண்டாம் உலகப்போரின் நட்சத்திர மெடல்களுக்கு உருக்கி விற்கும் மதிப்பு இல்லை. அவை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் ஆயின.

எம்டனை நாம் மறக்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. உயர்நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டு உண்டு, பொது அறிவுப் புத்தகத்தில் கேள்வி உண்டு, அந்தப் பெயரில் சினிமாவும் வந்தது. அரை மணி நேரம் சுட்ட எதிரிக் கப்பலுக்கு இத்தனை ஞாபகம். நான்கு வருஷம் சுடப்பட்ட நம்மவர்களுக்கு அதில் காலே அரைக்கால்கூட மிச்சம் வைக்கவில்லை.

யார் போனார்கள் என்பதற்கும் நாம் மறந்ததற்கும் சம்பந்தம் உண்டு. இதைப் பேசாமல் சுயவிமர்சனம் என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று. மதராஸ் சாப்பர்ஸ் போன்ற படைகளில் பெருமளவில் இருந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க விடாத காலத்தில் அவர்கள் பூட்ஸ் போட்டுப் பாக்தாத் வரை நடந்தார்கள், திரும்பி வந்து மறுபடி சேரிக்குப் போனார்கள். ஊர்ப் பெரியவர்கள் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை, ஊர் வரலாறு என்று நாம் எழுதி வைத்த மலர்களிலும் அவர்களுக்குப் பக்கம் இல்லை. உயர்ந்த சாதிக்காரர்கள் 277 பேர் போயிருந்தால் லாங் பஜாரில் இந்நேரம் சிலை நின்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நம்மை ஆண்டவர்கள் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று படைத் தளபதி லார்ட் ராபர்ட்ஸ் காலத்திலிருந்தே சொல்லிச் சொல்லி, முதல் போர் முடிந்த பத்து வருஷத்துக்குள் மதராஸ் காலாட்படைகளைக் கலைத்தார்கள். அடுத்த போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941-ல் மதராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். ஈராக்கில் இருக்கும் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ்காரர்களின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் வெட்டிவிட்டு, சாதாரண இந்திய சிப்பாய்களுக்குப் படைக்கு இத்தனை பேர் என்று எண்ணை மட்டும் பொறித்தார்கள். மணிக்கூண்டு வாசகத்தின் அண்ணன் அது.

ஆனால் அவர்கள் 2021-ல் ஒரு காரியம் செய்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் தன் பழைய கோப்புகளைத் தானே புரட்டி அறிக்கை வெளியிட்டது. முதல் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேருக்குச் சமமான மரியாதை தரவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும், பெயரே பதியவில்லை அல்லது நினைவே இல்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், இந்தியர்கள், எகிப்தியர்கள். ஆணையம் மன்னிப்புக் கேட்டது, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். தாமதம்தான், நூறு வருஷத் தாமதம். இருந்தாலும் நம்மை ஆண்டவன் கேட்ட மன்னிப்பை ஆளப்பட்டவனின் சொந்த ஊர் இன்னும் கேட்கவில்லை. அந்த ஆணையம் பராமரிக்கும் நந்தம்பாக்கம் கல்லறையில் 856 பேர் அடங்கியிருக்கிறார்கள், புல் வெட்டாத நாள் இல்லை. புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு வருஷம் தவறாமல் ஜூலை 14-ல் விளக்கு அலங்காரம் நடக்கிறது. நம் மணிக்கூண்டின் பக்கம் நாம் நிமிர்ந்து பார்ப்பது மணி பார்க்க மட்டும்தான்.

இரண்டாம் போர் விஷயத்தில் நம் குற்றம் இன்னும் பெரியது, ஏனென்றால் அந்த மனிதர்கள் நம் கண் முன்னால் இருந்தார்கள். இந்தியப் படையில் 25 லட்சம் பேர், கட்டாயம் இல்லாமல் சேர்ந்தவர்கள். இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் 1944-ல் மதராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றினார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். பர்மாப் போர்முனையில் நேதாஜி படையிலும் தமிழர், எதிரே பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் தமிழர். ஒரு பக்கம் நின்றவர்களுக்குத் தியாகி ஓய்வூதியம் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். மறுபக்கம் நின்றவர்களைப் போர் முடிந்ததும் கையில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினைந்து வருஷ சர்வீஸ் இல்லாததால் பென்ஷன் கிடையாது. பின்னாளில் மாநில அரசு அவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாதாந்திர நிதியுதவி கொடுத்தபோது, அதை வாங்க அந்த சர்டிபிகேட் வேண்டியிருந்தது. எத்தனையோ வீட்டில் அது பரண் மேல் டிரங்குப் பெட்டியில் கரையானுக்குப் போயிருந்தது. மனு எழுதிக் கொடுக்கத் தெரிந்த நாம், அந்தக் கிழவரோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வரை ஒரு நடை போகவில்லை. 1945-ல் பதினெட்டு வயதுப் பையன் என்றால்கூட அவர் 1927-ல் பிறந்தவர். இனிமேல் கேட்க ஆள் இல்லை.

14 பேரின் பெயர்களைத் தேடுவது அவ்வளவு கடினமில்லை. ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல இந்தியப் பெயர்களுக்கு எதிரே தகப்பன் பெயர், ஊர், தாலுகா, வட ஆற்காடு ஜில்லா என்றெல்லாம் எழுதியிருக்கும். வெள்ளைக்கார எழுத்தர்கள் நம் பெயர்களை ஆங்கிலத்தில் கடித்துத் துப்பியிருப்பதால், அதைப் பார்த்து இது இன்ன ஊர், இன்ன பெயர் என்று சொல்ல உள்ளூர் ஆட்கள்தான் வேண்டும். ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை ஒரு பருவத்தில் முடித்துவிடக் கூடிய வேலை. 263 பேரின் பட்டியல் அப்படி வராது. வீடு வீடாகப் போய், பாட்டிமார்களிடம் கேட்டு, அழுக்கேறிய போட்டோவைத் திருப்பிப் பார்த்து, ‘பஸ்ராவுக்குப் போனவராம்’ என்ற அளவில்தான் வரும்.

அப்படிச் சேரும் பட்டியலில் வீரர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் 63-ஆம் பாளையங்கோட்டைக் காலாட்படையைப் பிரிட்டிஷார் இறக்கினார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து வாந்தியெடுத்தவர்களை நேரே இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே அனுப்பினார்கள். படை சிதறிக் கடற்கரைக்கு ஓடியது. ஆங்கில அதிகாரிகள் அதை ஏளனமாக எழுதி வைத்தார்கள். அந்தக் கடற்கரையில் ஓடி, உயிர் பிழைத்து, வேலூர்ப் பக்கம் வந்து எழுபது வயதுவரை விவசாயம் பார்த்த ஒருவரின் பெயர் நம் கையில் சிக்கினால், மற்றவர்களின் பெயர்களோடு அதே எழுத்தளவில் அதையும் நாம் வைக்கும் பெயர்ப் பலகையில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள், அதற்கும் ஒரு கூட்டம் போட்டுப் பேசிக்கொள்ளலாம்.