சதவீதம் சொல்லாத தேவை

தாராவியின் குறுகிய சந்து ஒன்றில், இரும்பு ஏணி வழியே ஏற வேண்டிய மாடி அறையில் ஒருவர் வசிக்கிறார் எனக் கொள்வோம். செம்பூரில், லிஃப்டும் சாய்தளமும் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் மற்றொருவர். இருவருக்கும் கால்கள் ஒரே அளவில் செயலிழந்தவை. இருவரின் சான்றிதழிலும் 70 சதவீதம் என்றே இருக்கிறது. செம்பூரில் இருப்பவர் சக்கர நாற்காலியில் தாமே அலுவலகம் சென்று வரலாம். தாராவியில் இருப்பவரைப் பொதுக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவே இருவர் தூக்கி இறக்க வேண்டும். அதற்காக வீட்டில் ஒருவர் அன்றாடக் கூலியை இழக்கிறார். அந்த இழப்பு எந்தச் சான்றிதழிலும் பதிவாவதில்லை.

நம் நாட்டில் உதவிகள் பெரும்பாலும் இச்சதவீதத்தையே பற்றி நிற்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. இடஒதுக்கீடு முதலியவற்றுக்கு 40 சதவீதத்தை வரம்பாக்குகிறது. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்துக்கு வறுமையுடன் 80 சதவீதமும் வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். பழைய வருமான வரி முறையில் 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாயும், 80 சதவீதத்துக்கு 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. 79-க்கும் 80-க்கும் இடையே 50,000 ரூபாய் வேறுபாடு! வரி செலுத்தும் அளவுக்கு வருமானமில்லாத குடும்பத்துக்கோ அக்கழிவால் பயனே இல்லை.

சதவீதம் வேண்டாம் என்பதன்று என் கருத்து. பொது அளவுகோல் இல்லாத இடத்தில் சிபாரிசு புகுந்துவிடும். ஆயினும் மருத்துவர் அளப்பது உடலின் இழப்பை. வாழ்க்கைக்குத் தேவையான துணையை அளப்பது வேறொரு பணி.

அதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அதிக ஆதரவு தேவை எனக் கருதும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உடையவர், 38-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு வாரியம் அவருடைய தேவையையும் அதன் தன்மையையும் ஆராய்ந்து அறிக்கை தரும். ஆனால் உதவியோ நடப்பிலுள்ள திட்டங்களுக்கு உட்பட்டே கிடைக்கும். ஆகவே, அறிக்கையோடு நிதியும் சேர வேண்டும். துணையாளருக்கான படியும் வீட்டுச் சீரமைப்புக்கான மானியமும் தேவைக்கேற்ப ஒதுக்கப்படுதல் அவசியம். மதிப்பிடுவோர் ஒருமுறையேனும் அந்த ஏணியைப் பார்க்க வேண்டும்.

இது இயலாத காரியமன்று. 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி, 70 வயதைக் கடந்தோருக்கும் மருத்துவச் சான்று பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாயிலிலேயே அடிப்படை வங்கிச் சேவை வழங்குமாறு அறிவுறுத்தியது. அங்கே குறைந்தபட்சச் சதவீதம் எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. வங்கிக்கு வர இயலாதவரிடம் வங்கி செல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அரசின் உதவிக்கும் அதுவே அடிப்படையாகட்டும்.