பொம்மை ரயில் வேறு, மாதிரி ரயில் வேறு

மாதிரி ரயில் செய்வது வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்பது பலருடைய எண்ணம். படிப்பைக் கெடுக்கும் வேலை என்பது வேறு சிலருடைய எண்ணம். இரண்டும் சரியல்ல என்பதே என் கருத்து. ஒரு மாணவனோ மாணவியோ தம் ஊர் நிலையத்தில் வந்து நிற்கும் ரயில் பெட்டி ஒன்றை அளந்து, அட்டையில் அதன் மாதிரியைச் செய்து முடித்தால், பௌதிகப் புத்தகத்தின் பல பக்கங்களைக் கையாலேயே படித்து முடித்ததாகும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அது மாதிரி ரயிலாக இருக்க வேண்டும். பொம்மை ரயிலாக இருக்கக் கூடாது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பொம்மை ரயிலைப் பார்த்தால் ரயில் நினைவுக்கு வரும். அவ்வளவே. மாதிரி ரயிலிலோ ஒவ்வொரு பாகமும் மூலத்தின் அளவை ஒரே எண்ணால் வகுத்துச் செய்யப்பட்டிருக்கும். இந்த எண்ணையே அளவு விகிதம் என்கிறோம். உலகில் மிகப் பரவலாக வழங்கும் 'எச்.ஓ.' மாதிரிகளில் அந்த எண் 87.

மாதிரிகளை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவோர் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள். தண்டவாளத்தில் ஓடிய முதல் நீராவி எஞ்சினுக்கு முன்பே அதன் மாதிரி பிறந்துவிட்டது! இங்கிலாந்தில் வில்லியம் முர்டாக் 1784-இல் நீராவி வண்டியின் சிறு மாதிரி ஒன்றை ஓட்டிக் காட்டினார். ரிச்சர்டு டிரெவிதிக்கும் முதலில் மாதிரிகளைச் செய்து பார்த்தார். அதன் பிறகே 1804-இல் வேல்ஸ் நாட்டில் அவருடைய எஞ்சின் சுமை வண்டிகளை இழுத்தது.

சாயம் பூசினால் போதுமா?

கடையில் விற்கும் வெளிநாட்டு ரயில் ஒன்றை வாங்கி, அதற்கு நம் ரயிலின் நிறத்தைப் பூசி, 'இதோ நம் ஊர் வண்டி' என்று காட்டுவோர் உண்டு. இது சரிதானா என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

எச்.ஓ. மாதிரிகளில் தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள தூரம் 16.5 மி.மீ. இதை 87-ஆல் பெருக்கினால் சுமார் 1,435 மி.மீ. வருகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உள்ள பாதையின் அகலம் இதுதான். நம் அகலப் பாதையோ 1,676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. இருக்க வேண்டும். ஏறத்தாழ 3 மி.மீ. குறைந்த பாதையில் நம் பெட்டியை நிறுத்தினால், பெரிய உடம்புக்குச் சிறிய கால் போல அது தோன்றும். இட வசதிக்காகவும் கிடைக்கும் சக்கரங்களுக்காகவும் தெரிந்தே இதை ஏற்பவர்கள் இருக்கிறார்கள், அதில் பிழையில்லை. தெரியாமல் ஏற்பதுதான் பிழை.

அளப்பது நம் ஊருக்குப் புதிதன்று. திருக்கோவிலூரில் கோயில் கொண்டுள்ள பெருமாளுக்கே உலகளந்தவர் என்றுதான் பெயர். நம் வட்டாரத்து மரச் சிற்பிகளும் அளவறிந்து உளியைப் பிடிப்பவர்கள். முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு முழு உருவத்தையும் வகுப்பது சிற்ப மரபு. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தகைய கைகள் உள்ள ஊரில் ஒரு ரயில் பெட்டிக்காக வெளிநாட்டுப் பெட்டகத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

முட்டையின் எடையில் ஒரு ரயில் பெட்டி

நீளத்தை 87-ஆல் வகுத்துவிட்டோம். எடையையும் 87-ஆல் வகுக்கலாமா? கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைவதால் கன அளவு 87 × 87 × 87, அதாவது 6,58,503 மடங்கு குறைகிறது. காலிப் பெட்டி ஒன்றின் எடையை 37 டன் என்று கொள்வோம். மாதிரியின் எடை 56 கிராம்தான் வரும். ஒரு கோழி முட்டையின் எடை!

இந்த எடையில் செய்த பெட்டி ஒழுங்காக ஓடுமா? வளைவுகளில் அடிக்கடி கவிழும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி அந்த நீளமுள்ள பெட்டி சுமார் 165 கிராம் இருக்க வேண்டும். கணக்கில் வந்ததைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு! காரணம் என்ன? பெட்டியைச் சுருக்கினோம், ஆனால் தண்டவாள இணைப்பில் உள்ள மேடு பள்ளம், அச்சில் உள்ள உராய்வு ஆகியவை அதே விகிதத்தில் சுருங்கவில்லை. எனவே மாதிரி செய்பவர் பெட்டியின் தரைக்கடியில் இரும்புத் துண்டுகளை ஒட்டி எடையைக் கூட்டுகிறார்.

வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 87-ஆல் வகுத்தால் நொடிக்கு 32 செ.மீ. வரும். அந்த வேகத்தில் ஓடும் மாதிரியின் மின்சாரத்தை நிறுத்தினால் அது சட்டென்று நின்றுவிடும். உண்மை ரயிலோ நெடுந்தூரம் உருண்டே நிற்கும். இயக்க ஆற்றல் நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது அல்லவா? நிறை 6,58,503 மடங்கு குறைந்தது. வேகத்தின் வர்க்கம் 7,569 மடங்கு குறைந்தது. ஆக, மாதிரியிடம் இருப்பது உண்மை ரயிலின் ஆற்றலில் சுமார் 500 கோடியில் ஒரு பங்கு! உராய்வு அதை நொடியில் தின்றுவிடுகிறது. நல்ல மாதிரி எஞ்சின்களுக்குள் சிறு பறப்புச் சக்கரம் ஒன்றைப் பொருத்துவது இதனால்தான்.

ஒரு மாதிரி செய்பவர் இப்படி எதை அப்படியே வைப்பது, எதை மாற்றுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் முடிவு செய்கிறார். ஏன் மாற்றினேன் என்பதற்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும். உராய்வைப் புறக்கணி, நூலின் எடையைப் புறக்கணி என்று நம் பௌதிகக் கணக்குகளில் வருவதும் இதே வேலைதான்.

ஒவ்வொரு நுணுக்கமும் ஒரு விடை

மாதிரியின் உயிர் அதன் நுணுக்க வேலையில் இருக்கிறது. அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ரயில் பெட்டியில் காரணமின்றி நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் அநேகமாக எதுவும் இல்லை.

பெட்டியின் அடியில் தொங்கும் உருளையை வரைய முயலும்போதுதான் 'இது என்ன?' என்ற கேள்வி எழும். பல பெட்டிகளில் அது ஒரு மின்னாக்கி. சக்கர அச்சிலிருந்து வரும் பெல்ட்டு அதைச் சுழற்ற, 110 வோல்ட் விளக்குகளும் விசிறிகளும் இயங்குகின்றன. அருகிலுள்ள பெட்டகத்தில் மின்கலங்கள் இருக்கும். வண்டி நிற்கும்போது அவை கைகொடுக்கும். பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் நம் காலடியில் சுழன்றுகொண்டிருக்கிறது! கடைசிப் பெட்டியின் பின்புறத்தில் 'எக்ஸ்' குறி ஏன்? வண்டி முழுமையாக வந்துவிட்டது, நடுவில் எதுவும் கழன்று நின்றுவிடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

சக்கரத்தைக் கவனியுங்கள். அதன் விளிம்பு தட்டையாக இல்லை. 20-க்கு 1 என்ற சரிவில் வெளிப்பக்கம் சிறுத்திருக்கும். இதன் பயனை வீட்டிலேயே காணலாம். தேநீர்க் கடைக் காகிதக் குவளைகள் இரண்டின் வாய்களை ஒன்றோடொன்று ஒட்டுங்கள். இரண்டு நீண்ட குச்சிகளை இணையாகச் சற்றுச் சரித்து வைத்து, அவற்றின் மீது இதை உருட்டுங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினாலும் அது தானே நடுவுக்குத் திரும்பும். அடுத்து அடிப்பாகங்களை ஒட்டி உருட்டிப் பாருங்கள், விரைவில் விழுந்துவிடும். ரயில் சக்கரம் வளைவில் வழி கண்டுபிடிப்பதன் இரகசியம் இந்தக் குவளைகளில் இருக்கிறது.

'இதையெல்லாம் கணிப்பொறித் திரையில் பார்த்துவிடலாமே' என்று சிலர் கேட்கலாம். பார்க்கலாம்தான். ஆனால் திரையிலுள்ள பெட்டி நீங்கள் 2 மி.மீ. தவறாக வெட்டியதற்காகக் கோணி நிற்காது. அட்டை கோணி நிற்கும். அந்தக் கண்டிப்பு நமக்குத் தேவை.

இன்றே அளக்க வேண்டியது ஏன்?

நம் விழுப்புரம் - காட்பாடி பாதை முன்பு மீட்டர் பாதை. தென்னக மீட்டர் பாதைகளில் ஒய்.பி., ஒய்.ஜி. என்ற நீராவி எஞ்சின்களும், பின்னர் ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின்களும் ஓடின. இன்று இப்பாதை அகலப் பாதை. ஆற்றுக்கு அப்பால் அரகண்டநல்லூரில் உள்ள நம் நிலையத்தில் நின்ற அந்தப் பழைய பெட்டிகளின் சன்னல் எவ்வளவு அகலம், படி எத்தனை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். அன்று ஒரு பள்ளி மாணவன் அளவுநாடாவும் நோட்டும் எடுத்துச் சென்றிருந்தால் நமக்கு இன்று ஒரே விடை கிடைத்திருக்கும்.

அதே நிலை இப்போது இன்னொரு வகைப் பெட்டிக்கு நேர்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலை 1955-இல் சுவிட்சர்லாந்து நாட்டு அமைப்பைக் கொண்டு பெட்டி கட்டத் தொடங்கியது. நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சென்ற அந்த வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் ஆலையை விட்டு வெளியேறியது. ஒரு பெட்டியின் ஆயுள் சுமார் 25 ஆண்டு. இன்று அவை ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் என் வயதை அடையும்போது அருங்காட்சியகத்தில்தான் அவற்றைக் காண முடியும். எனவே அதிலிருந்தே தொடங்குங்கள் என்பேன்.

எப்படித் தொடங்குவது?

ஓடாத அட்டை மாதிரிக்கு 87 என்ற விகிதம் மிகச் சிறியது. நோட்டுத்தாளின் கனம் 0.1 மி.மீ. என்றால், 87 மடங்கு பெரிதாக்கினால் அதுவே ஏறத்தாழ 9 மி.மீ. கனமுள்ள தகடாகிவிடும்! ஆகவே 50-க்கு 1 என்று கொள்ளுங்கள். உங்கள் அளவுகோலில் 1 மி.மீ. என்பது பெட்டியில் 5 செ.மீ. ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ.; மாதிரியில் 427 மி.மீ. அகலம் 3,245 மி.மீ.; மாதிரியில் 65 மி.மீ. தண்டவாளத்திலிருந்து கூரை உச்சி 4,025 மி.மீ.; மாதிரியில் 80.5 மி.மீ. சக்கர விட்டம் 915 மி.மீ.; மாதிரியில் 18 மி.மீ., பெரிய சட்டைப் பொத்தான் அளவு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, கத்தரிக்கோல், பசை, ஊசி, நூல் ஆகியவை போதும். செலவு அதிகமில்லை.

மற்ற அளவுகளை நிழற்படத்திலிருந்து பெறலாம். எதிர் நடைமேடையிலிருந்து பெட்டியை நேராகப் படமெடுங்கள். படத்தில் பெட்டி 160 மி.மீ. நீளம் இருந்தால் 1 மி.மீ. என்பது 13.3 செ.மீ. சன்னல் 4.5 மி.மீ. இருந்தால் உண்மை அகலம் சுமார் 60 செ.மீ. எளிய விகிதக் கணக்குதான்.

ஓர் எச்சரிக்கை. அளப்பதெல்லாம் நடைமேடையில் நின்றுதான். அதற்கு நடைமேடைச் சீட்டும் பெரியவர் ஒருவரின் துணையும் வேண்டும். தண்டவாளத்தில் இறங்குவதோ பெட்டியின் மீது ஏறுவதோ கூடவே கூடாது. மின் பாதைகளில் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. நீண்ட குச்சியையும் அதன் பக்கம் உயர்த்தாதீர்கள்.

பள்ளிச் சுற்றுலாவில் சென்னை சென்றால் ஐ.சி.எஃப். அருகிலுள்ள ரயில் அருங்காட்சியகத்தைக் காட்டும்படி ஆசிரியரைக் கேளுங்கள். பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் அங்கே அச்சமின்றி அருகில் நின்று பார்க்கலாம். புனேயில் 1998 முதல் ஜோஷி அவர்களின் சிற்றளவு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்கு எவ்வளவு வளரக்கூடும் என்பதற்கு அது சான்று.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அட்டையும் பசையுமாக உட்கார்ந்திருந்தால் திட்டாதீர்கள். விகிதம், கன அளவு, உராய்வு, மின்தூண்டல் எல்லாம் அந்த மேசை மேல்தான் கிடக்கின்றன.

மாணவர்களே, அளவுத்தாளைப் பத்திரமாக வையுங்கள். அதில் நிலையத்தின் பெயர், தேதி, பெட்டி எண் ஆகியவற்றை எழுதுங்கள். செய்த மாதிரியைப் பள்ளிக் கண்காட்சியில் வைக்கும்போது அந்தத் தாளையும் பக்கத்தில் ஒட்டுங்கள். பார்ப்பவர்கள் 'எங்கே வாங்கினாய்?' என்று கேட்டால், தாளைக் காட்டுங்கள்.