பாதி வழுவழுப்பான பகைவன்

பலகாரம் இல்லாவிடினும் காலையில் காப்பி இன்றியமையாதது என்னும் இல்லங்கள் நம்மிடையே பல. அக்காப்பிச் செடிக்கு ஜன்ம வைரியாக ஒரு பூஞ்சணம் உண்டு. அதன் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். வாயில் நுழையாத பெயர் என்று தள்ளிவிடலாகாது. அதன் உருவமும் குணமும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றன.

கிரேக்க மொழியில் 'ஹெமி' என்பது பாதி. 'லெயோஸ்' என்பது வழுவழுப்பானது. இதன் வித்தைப் பூதக்கண்ணாடியில் நோக்கினால் ஆரஞ்சுச் சுளைபோல் தோன்றும். வளைந்த முதுகில் நுண்ணிய முட்கள் இருக்கும்; மறுபுறம் வழுவழுப்பாக இருக்கும். 'வாஸ்டாட்ரிக்ஸ்' என்னும் லத்தீன் சொல்லுக்குப் பாழாக்குபவள் என்று பொருள். இலங்கையிலிருந்து வந்த நோயுற்ற இலைகளை ஆராய்ந்து 1869-ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டியவர்கள் பெர்க்லி, புரூம் என்னும் ஆங்கிலேயர் இருவர்.

சாஸ்திரிகள் இதைத் துருப் பூஞ்சணங்களின் வகுப்பில் சேர்க்கின்றனர். கோதுமையைக் கெடுக்கும் பக்ஸினியாவும் அவ்வகுப்பினதே. ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பக்ஸினியா இலையின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிப்படும். ஹெமிலியாவோ இலை சுவாசிக்கும் துவாரங்களின் வழியே பூங்கொத்துப்போல் தலைநீட்டி, அடிப்புறத்தில் மஞ்சட்பொடியாகப் படியும். இவ்வினத்தைச் சேர்ந்த வேறு பூஞ்சணங்கள் காரைச் செடிகளிலும் வெட்பாலை இனத்து மரங்களிலும் வாழ்கின்றன. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஹெமிலியா காபிகோலா என்னும் மற்றொன்றும் காப்பியைத் தாக்குகிறது.

1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆராய்ந்த ஹாரி மார்ஷல் வார்டு, வித்து ஈரத்தில் முளைத்து அத்துவாரங்களின் வழியாகவே உள்ளே புகுவதைக் கண்டறிந்தார். மலைச்சரிவு முழுவதும் ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதால், காற்றில் பறந்த வித்துக்களுக்குத் தடையே இல்லாமற்போயிற்று. இலாபமொன்றையே கருதிக் காடழித்த வெள்ளைத் துரைமாரின் தோட்டங்கள் சுமார் 20 ஆண்டுகளில் பாழாயின. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. நம் ஜில்லாக்களிலிருந்து கண்டி மலைக்குப் போய் உழைத்த ஏழைத் தமிழரும் பிழைப்பிழந்து தவித்தனர்.

பூஞ்சணம் இலைக்குள் குடிபுகுந்தபின், இலையின் மேலே மட்டும் படியும் மருந்து அதை எட்டாது. ஆகவேதான் குடகிலும் சேர்வராயன் மலையிலும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை மழைக்கு முன்பே தெளிக்கிறார்கள். அதுவும் இலையின் அடிப்புறம் நன்கு நனைய வேண்டும். காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நேயர்கள், மழை தொடங்குமுன் ஓரிரு இலைகளைப் புரட்டிப் பார்ப்பது நலம்.