யந்திரத்தோடு சாவியையும் கொடு!

நாஞ்சில் என்றால் கலப்பை. கொழு மழுங்கினால் அதைக் கொல்லன் உலைக்கு அனுப்புவோம். கலப்பையையே உடைத்து அடுப்பில் வைப்பவன் நம் நாஞ்சில் நாட்டில் உண்டா? ஆனால், யந்திரம் விற்கும் கம்பெனிக்காரர்கள் அந்தப் புத்தியைத்தான் போதிக்கிறார்கள்!

சி.என்.சி. மில்லிங் மிஷின் என்பது இரும்பைச் செதுக்கும் யந்திரம். முன்பு தொழிலாளி கையால் சுற்றியதை இதில் மோட்டார் சுற்றுகிறது. எவ்வளவு சுற்றுவது என்று உத்தரவிடும் கணிப்பொறிப் பெட்டிக்குத்தான் கண்ட்ரோல் என்று பெயர். வருஷங்கள் போனால் பாட்டரி தீர்ந்து, பதிந்திருந்த அளவுகள் அழிகின்றன. கார்டு எரிகிறது. "அந்த மாடலுக்கு இனி ஸ்பேர் கிடையாது, காயலான் கடையில் போடு" என்கிறான் கம்பெனிக்காரன். பல டன் வார்ப்பிரும்பு உடம்பு திடமாக நிற்கும்போதே இந்தத் தீர்ப்பு!

தடம் தேய்ந்து, ஸ்குரூ ஆடிப்போன யந்திரத்துக்குப் புது மூளை வைப்பது வீண்தான். அதை டயல் கேஜ் வைத்துப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்? உடம்பு நன்றாயிருந்தால் பழைய பெட்டியைக் கழற்றிப் புது கண்ட்ரோல், டிரைவ், மோட்டார் பொருத்தலாம். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் படம் எழுத வேண்டும். ஆபத்துக்கு அமுக்கும் ஸ்டாப் பட்டன், கணிப்பொறியை நம்பியிராமல் நேராக மோட்டாரின் கரண்டை அறுக்க வேண்டும். தொழிலாளியின் விரல் அதில் இருக்கிறது! இதையெல்லாம் நம் பிட்டரும் எலெக்ட்ரீஷியனும் செய்யக்கூடியவர்கள்தான். தடையாக நிற்பது மறைத்து வைத்த வரைபடமும் பாஸ்வேர்டுமே.

யார் போட்ட பூட்டு?

1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில், விமானப்படையின் பணத்தில், எண்களால் ஓடும் மில்லிங் யந்திரத்தைச் செய்து காட்டினார்கள். அதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைச் செய்வான். யந்திரம் அந்த அசைவை நாடாவில் பதிந்து திரும்பச் செய்யும். அறிவு தொழிலாளியிடமே தங்கும். அந்த வழி ஒதுக்கப்பட்டது. ஏன்? பட்டறையின் பிடியைத் தன் அறைக்குக் கொண்டுபோக நிர்வாகம் விரும்பியது என்று சரித்திர ஆசிரியர் டேவிட் நோபிள் 1984-ல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

பூட்டில்லாமல் யந்திரம் ஓடாதா? அமெரிக்க சர்க்காரின் நிஸ்ட் நிறுவனம் 1990-களில் ஒரு கண்ட்ரோல் புரோகிராமை எழுதிப் பொதுவில் விட்டது. அதிலிருந்து வளர்ந்த லினக்ஸ் சி.என்.சி. இன்று சாதாரணக் கம்ப்யூட்டரில் மில்லிங் மிஷினை ஓட்டுகிறது. விலை ஏதும் இல்லை!

நம் சர்க்கார் என்ன செய்தது?

2022-ல் மத்திய சர்க்கார் "ரிப்பேர் உரிமை" பற்றி ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவி, மொபைல் போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நான்கு துறைகளைக் குறித்தது. வயலில் நிற்கும் அறுவடை மிஷினுக்கு இடம் உண்டு, நல்லது. பட்டறை யந்திரம் எங்கே?

அதே ஆண்டு தமிழக சர்க்கார், டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்த சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. புது யந்திரங்கள் வரட்டும்! ஆனால் அவையும் ஒருநாள் பழையதாகும். அன்று சாவி யார் கையில்?

நாம் கேட்பது இவைதான். பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு யந்திரத்துடனும் வரைபடம், அளவுப் பட்டியல், பாஸ்வேர்டு ஒப்படைக்கப்பட வேண்டும். நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ. உட்பட எல்லா இடத்திலும் யந்திரம் ஓட்டுவதோடு கண்ட்ரோல் பழுது பார்ப்பதையும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். ரிப்பேர் உரிமை பட்டறைக்கும் வர வேண்டும். புது கண்ட்ரோல் வந்ததைச் சாக்கிட்டு, "ஒருவனே இரண்டு மிஷின் பார்" என்று ஆட்குறைப்புச் செய்யக் கூடாது.

மில் தோழர்களே, வயல் தோழர்களே! யந்திரத்தின் நாடி உழைக்கிறவன் கைக்குத் தெரியும். அந்தக் கைக்குச் சாவியைக் கொடு என்று சங்கத்தில் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள்!