ஒவ்வொரு தீப்திக்கும் ஒரு அண்ணன் வேலையை விடணுமா?



2025 நவம்பர் 2, ஞாயிறு இரவு. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானம். உங்களில் பல பேர் தூங்காம டி.வி. முன்னாடி உட்கார்ந்திருப்பீங்க. தென்னாப்பிரிக்காவின் கடைசி விக்கெட் விழுந்தது. ஒருநாள் உலகக் கோப்பையை இந்தியப் பெண்கள் முதல்முறையாகக் கையில் ஏந்தினார்கள்.

அந்தக் கடைசி விக்கெட்டை எடுத்தவர் தீப்தி சர்மா. அன்றைக்கு மட்டும் அவர் அடித்தது 58 ரன், எடுத்தது 5 விக்கெட். சதம் அடித்து நம் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்த லாரா வோல்வார்ட்டை வெளியே அனுப்பியதும் அவர்தான்.

தொடர் முழுக்க 215 ரன், 22 விக்கெட். தொடர் நாயகி விருதும் அவருக்கே. ஒரே ஒருநாள் உலகக் கோப்பையில் 200 ரன்னும் 20 விக்கெட்டும் சேர்த்து எடுத்தவர் அவருக்கு முன்னாடி யாருமே கிடையாது. ஆண்கள் கிரிக்கெட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்!

2011-ல் யுவராஜ் சிங் 362 ரன்னும் 15 விக்கெட்டும் எடுத்ததை நாம் இன்றைக்கும் பேசுகிறோம். பேசணும், அவர் அதுக்குத் தகுதியானவர். ஆனா சர்வதேச டி20-யில் 100 விக்கெட்டை முதலில் தொட்ட இந்தியர் யார்னு உங்க நண்பர்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. ஆண்கள் பெயரா அடுக்குவாங்க. 2023-ல் அதைத் தொட்டது தீப்தி.

சரி, இவர் எப்படி வந்தார்?

ஆக்ராவில் அண்ணன் சுமித் கிரிக்கெட் பயிற்சிக்குப் போவார். சின்னப் பெண்ணான தீப்தியும் கூடவே போய் வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் தன் பக்கம் வந்த பந்தை எடுத்துத் தூரத்திலிருந்தே எறிந்தார். நேராக ஸ்டம்பில் பட்டது! அங்கே இருந்த இந்திய அணி வீராங்கனை ஹேமலதா காலா அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணை விளையாட விடுங்கள் என்றார். பின்னாளில் தங்கைக்குப் பயிற்சி கொடுப்பதற்காக அண்ணன் தன் வேலையையே விட்டார்.

கேட்கும்போது கண் கலங்குது, இல்லையா? எனக்கும்தான். ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க தோழர்களே. அந்தப் பந்து வேறு பக்கம் போயிருந்தா? அன்றைக்கு ஹேமலதா காலா அங்கே இல்லாமல் இருந்திருந்தா? வேலையை விட முடியாத அண்ணனாக இருந்திருந்தா?

ஒரு நாட்டின் உலகக் கோப்பை இத்தனை "இருந்திருந்தா"க்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் தியாகத்தை வணங்குவோம். ஆனா தியாகத்தையே திட்டமாக வைத்துக்கொண்டு விளையாட்டை வளர்க்க முடியாது.

2006-ல்தான் பெண்கள் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கீழ் வந்தது. ஆண்களுக்குக் கொடுக்கும் அதே போட்டிக் கட்டணம் பெண்களுக்கும் என்று 2022-ல்தான் அறிவித்தார்கள். பெண்கள் பிரீமியர் லீக் 2023-ல்தான் தொடங்கியது. நல்ல முடிவுகள், பாராட்டுவோம். கதவைத் திறந்து மூணே வருடத்தில் கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டதே! அப்போ இத்தனை காலம் குறை பெண்களிடமா இருந்தது?

கணக்கு இன்னும் முடியவில்லை. 2024-25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி ரூபாய். தீப்தி இருந்த பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். போட்டிக் கட்டணம் சமம்தான், ஆனா போட்டி இருந்தால்தானே கட்டணம்? தீப்தி 2014-ல் இந்திய அணிக்கு வந்தார். 2024 முடியும்வரை அவர் ஆடிய டெஸ்ட் போட்டிகள் வெறும் 5. 2023-ல் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட்டில் 67 ரன் அடித்து, முதல் இன்னிங்ஸில் 7 ரன் மட்டும் கொடுத்து 5 விக்கெட் எடுத்த ஆல்ரவுண்டருக்குப் பத்து வருடத்தில் கிடைத்தது அவ்வளவுதான்.

"பெண்கள் கிரிக்கெட்டை யார் பார்க்கிறாங்க, வருமானம் எங்கே?" என்று சிலர் கேட்பாங்க. 2017 இறுதிப் போட்டிக்கு லார்ட்ஸ் மைதானமே நிரம்பியதை நினைவுபடுத்துங்கள். அன்றைக்கு 9 ரன்னில் தோற்றோம். அந்த அணியிலும் தீப்தி இருந்தார். ஆட்டத்தைக் கண்ணில் காட்டினால் கூட்டம் தானாக வரும்.

உத்தரப் பிரதேச அரசு தீப்திக்குக் காவல்துறையில் டி.எஸ்.பி. பதவி கொடுத்தது. மகிழ்ச்சி. ஆனா அது ஜெயிச்ச பிறகு கிடைச்ச மரியாதை. ஜெயிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பெண்ணுக்கு வேண்டியது என்ன? ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், உடை மாற்ற ஒரு அறை, ஒரு கழிப்பறை, பயமில்லாமல் வீடு திரும்ப ஒரு பஸ். இதைக் கொடுக்க வேண்டியது அண்ணன் இல்லை, அரசும் வாரியமும்தான்.

கோப்பை ஜெயிச்ச அன்றைக்கு ஸ்டேட்டஸ் வைத்தோம். நல்லது. நாளைக்குச் சாயங்காலம் உங்க ஊர் மைதானத்துப் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்க. அங்கே எத்தனை பெண் பிள்ளைகள் விளையாடுறாங்க? எத்தனை பேர் ஓரமா நின்று அண்ணன் ஆடுவதை வேடிக்கை பார்க்கிறாங்க?

ஓரமா நிற்கிற அந்தப் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுங்க. மீதியை அரசிடம் கேட்டு வாங்குவோம்!

#தீப்திசர்மா #பெண்கள்கிரிக்கெட்