வாய்க்கால் வழியே நடந்து பாருங்கள்

கண்மாய் நிறைந்து கிடக்கிறது. வயலோ காய்ந்து கிடக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து உழவர் எவரும் இந்நிலையில் வயல் நடுவே நின்று வானத்தை நொந்துகொள்வதில்லை. மண்வெட்டியைத் தோளில் ஏற்றி, தம் வயலிலிருந்து புறப்பட்டு, வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடப்பார். கரை எங்கே உடைந்தது, குப்பை எங்கே அடைத்தது, கண்மாயின் மடையே மூடிக் கிடக்கிறதா என ஒவ்வொன்றாகப் பார்ப்பார். நீர் காணும் இடத்திற்கும் நீர் காணாத இடத்திற்கும் நடுவேதான் கோளாறு இருக்கிறது என்பது அவர் அறிந்த உண்மை.

அன்பான வாசகர்களே, இவ்வுண்மை இன்று நம் இல்லத்துக் கணினிக்கும் பொருந்துகிறது. மகளின் தேர்வு விண்ணப்பம், முதியோரின் உதவித்தொகை மனு, வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனின் முகம் யாவும் இணையத்தின் வழியே வருகின்றன. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று அத்தொடர்பு அற்றுப்போயின் வீடே கலங்குகிறது. "நேற்று நீதானே அதைத் தொட்டாய்?" எனத் தந்தை மகனைக் கடிந்துகொள்கிறார். மகனோ கண்ணில் பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்திப் பார்க்கிறான். ஒரு நாழிகையில் தீர வேண்டிய தொல்லை இரண்டு நாள் மனத்தாங்கலாக வளர்கிறது.

இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. பின்னர் 2001-ஆம் ஆண்டளவில், நம் அண்டை மாவட்டமாகிய மதுரையின் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையால் கணினி நிலையங்கள் அமைந்தன. அந்நாளில் ஊருக்கு ஒரு நிலையம். அதனைப் பேண ஒருவர். கண்மாய்க்கு ஒரு நீர்ப்பாய்ச்சி இருந்தது போல என்று சொல்லலாம். இன்றோ ஒவ்வோர் இல்லமும் தன் வாய்க்காலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது. அவ்வழியை முறையாக நடந்து பார்ப்போம்.

முதலில் வினவ வேண்டியது இது: தொடர்பை இழந்தது இக்கணினி மட்டுமா, வீடு முழுவதுமா? கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபை வழியே ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது திறந்தால், ரவுட்டர் வரை நீர் வந்திருக்கிறது. கோளாறு கணினியில் உள்ளது. திறக்காவிடில் கணினியைக் குற்றம் சொல்ல வேண்டா.

அடுத்து, திறவாதது ஒரு தளமா, எல்லாத் தளங்களுமா என்று பாருங்கள். 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின. அந்நிறுவனத்தின் சொந்த வலையமைப்பில் நேர்ந்த தவறே அதற்குக் காரணம். அன்று வீட்டு ரவுட்டரை எத்தனை முறை அணைத்து ஏற்றியிருந்தாலும் பயன் விளைந்திராது. காத்திருப்பதே அன்றைய மருந்து.

கோளாறு கணினியில்தான் என்று தெளிந்தால், எளியவற்றை முதலில் காண்க. பிளைட் மோடு தவறுதலாக இயங்குகிறதா? வைஃபை அணைந்துள்ளதா? கேபிள் வழித் தொடர்பாயின் அதன் இரு முனைகளும் 'கிளிக்' என்னும் ஒலியுடன் பொருந்தியுள்ளனவா? பின்னர் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஐ.பி. முகவரி என்னும் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான இல்லங்களில் அது 192.168 எனத் தொடங்கும். 169.254 எனத் தொடங்கினால், ரவுட்டர் முகவரி வழங்கவில்லை. கணினி தனக்குத்தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அவ்வாறாயின் வைஃபையைத் துண்டித்து, கடவுச்சொல்லை மீண்டும் இட்டுச் சேருங்கள்.

வழியை அளந்து பார்க்க ஓர் அருமையான கருவியும் உண்டு. 1983 திசம்பரில் அமெரிக்கரான மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல் அது. கடலடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட அனுப்பும் ஒலியின் பெயரையே அவர் அதற்கு இட்டார். கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கரிய திரையில் பிங் என ஆங்கில எழுத்துகளில் தட்டி, ஓர் இடம் விட்டு, ரவுட்டரின் எண்ணைத் தட்டுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும். மறுமொழி வந்தால் ரவுட்டர் வரை வழி நலம். பின் 8.8.8.8 என்னும் கூகுளின் எண்ணைத் தட்டுங்கள். அதற்கும் மறுமொழி வந்தால் வெளியுலகம் வரை வழி நலம். இறுதியாக ஒரு தளத்தின் பெயரைத் தட்டுங்கள். எண் மறுமொழி தந்து பெயர் மட்டும் வழங்கா நிலையில், பெயர்களை எண்களாக மாற்றும் டி.என்.எஸ். ஏற்பாட்டில்தான் குறை. 1983-இல் பால் மாக்கபெட்ரிஸ் வகுத்த ஏற்பாடு அது. தொலைபேசி நலமாயிருக்க, எண்கள் எழுதிய புத்தகம் மட்டும் தொலைந்த நிலை எனலாம். ரவுட்டரை ஒருமுறை அணைத்து ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

பழைய கணினிகளில் மற்றொரு மறைவான கோளாறும் உண்டு. உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிடின், மின்சாரம் போய் வந்ததும் கணினியின் நாட்காட்டி பல்லாண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். பாதுகாப்புச் சான்றிதழ்களின் காலம் பொருந்தாமையால் தளங்கள் திறக்க மறுக்கும். வலைத்தொடர்பே போயிற்று என்று நாம் மயங்குவோம். திரையின் மூலையில் உள்ள தேதியை ஒருமுறை நோக்குதல் போதும்.

வீடு முழுவதும் தொடர்பு இல்லையெனில், ஃபைபர் வந்து சேரும் பெட்டியை நோக்குங்கள். எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவந்திருந்தால், தலைமயிர் போன்ற கண்ணாடி இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை. சாலையோரத்தில் மண் தோண்டியபோது அறுந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், வீட்டிற்குள்ளேயே பீரோவுக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கலாம். மடங்கல் கண்ணுக்குத் தெரிந்தால் மெல்ல நேராக்குங்கள். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கலாகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆயினும் தீங்கு செய்யவல்லது. அறுந்த இழையை ஒட்டுதல் நிறுவனத்தார் பணி. புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு விளக்கு இல்லையெனில், சந்தா முடிந்துவிட்டதா என்று முதலில் காண்க. பின்னர் எல்லாவற்றையும் அணைத்து, அரை நிமிடம் கழித்து, ஃபைபர் பெட்டி, ரவுட்டர், கணினி என்னும் வரிசையில் ஏற்றுங்கள். ஊசித் துளையிலுள்ள ரீசெட் பொத்தானை மட்டும் தொடவே வேண்டா. நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதனால் அழிந்துபோகும். அருப்புக்கோட்டை நெசவாளர் தறியில் ஓர் இழை அறுந்தால், அவ்விழையைத் தேடி முடிச்சிடுவாரேயன்றிப் பாவு முழுவதையும் அறுத்தெறிவாரா? ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றுக, மாற்றியபின் சோதிக்க. பத்தை ஒருங்கே மாற்றினால் எதனால் கெட்டது, எதனால் சரியாயிற்று என்பது ஒருநாளும் விளங்காது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பதற்றத்தில் கூகுளில் தேடிக் கிடைக்கும் எண்ணை அழைப்பவர்கள் சிலர் ஏமாற்றுக்காரர் கையில் விழுகின்றனர். "இச்செயலியை இறக்குங்கள், நான் இங்கிருந்தே சரிசெய்கிறேன்" என்பான். திரை அவன் வசமாகும். வங்கிச் சேமிப்பு கரையும். ஆகவே நிறுவனத்தின் பற்றுச்சீட்டில் அச்சிட்ட எண்ணையும், உங்கள் வாடிக்கையாளர் எண்ணையும், கடவுச்சொல்லையும் இன்றே ஒரு தாளில் எழுதிப் பத்திரமாய் வைத்திடுங்கள். பணம் பறிபோயின் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

அடுத்த முறை தொடர்பு அறும்போது, "யார் கெடுத்தது?" என்று கேளாமல், "எதுவரை வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மகனும் மகளும் அஞ்சி ஒதுங்காமல் உடன் வந்து தேடுவார்கள். வழியை ஒருமுறை நடந்து பழகிய பிள்ளை, மறுமுறை பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் வழி காட்டும்.